வாசல் நிலையில் தொங்கிய முடிச்சு

அருள்குமார் முதன்முதலாகப் பேச்சுக் கொடுத்தபோது பூமாரி அவனிடம் சொன்னது பொய்.

மறையூரிலிருந்து மலையேறும் பஸ் ரோட்டுக்கு மேலே இருந்த தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாவது லயம். அன்று ஞாயிற்றுக்கிழமை. கழுத்தில் பல்கலைக்கழக அட்டை, கையில் ஐஸ் பெட்டி. குளவி கொட்டி மயங்கி விழுந்தவர்கள் யாராவது உண்டா என்று அவன் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தான். ஐந்து வீட்டுக் கையும் ஆறாவது வீட்டைக் காட்டியது. அங்கே வாசலில் உட்கார்ந்து பூமாரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னைய ஒரு எறும்புகூடக் கடிச்சதில்ல தம்பி. வேற வீட்டுல கேளு.”

“ஏனுங்கக்கா, அத்தன பேரும் உங்களத்தானுங்க சொல்றாங்க.”

“அவளுகளுக்கென்ன, நான் செத்துப் பொழச்சத வச்சு ரெண்டு வருசமாக் கதை பேசுறாளுக.”

சொல்லி முடித்த பிறகுதான் வாய் தவறியது அவளுக்கே தெரிந்தது. முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து அவள் புருசன் சோலை, “நல்லா மறைச்ச போ,” என்றான்.

நடந்தது இதுதான். இரண்டு வருசத்துக்கு முந்தி, ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கத்திரி வைத்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவளின் பிடரியில் ஒன்று கொட்டியது. முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உதடு தடித்தது. தொண்டைக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி மூச்சு அடைத்தது. எஸ்டேட் ஆசுபத்திரியில் ஊசி போட்டு மீட்டார்கள். அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம் என்று டாக்டர் சொன்ன வார்த்தை அவள் காதிலேயே தங்கிவிட்டது.

அதிலிருந்து எல்லாமே ரீங்காரம்தான். பக்கத்து வீட்டு மிக்சி, புல் வெட்டும் மெஷின், தூரத்தில் வரும் ஜீப். கத்திரியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிடும். சத்தம் எங்கிருந்து என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

ஆனாலும் அவள் வெளியே சொல்லவில்லை. விசயம் ஆபீஸுக்குப் போனால் மெடிக்கல் போர்டு. போர்டில் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் வேலை போகும். சோலை ஃபேக்டரியில் தற்காலிகம்தான். லயத்து வீடு பூமாரி பேரில் இருந்தது. வேலை போனால் வீட்டையும் காலி பண்ண வேண்டும். குளவிக்கு ஒரு பயம், காகிதத்துக்கு ஒரு பயம். இரண்டுக்கும் நடுவே தினமும் காலையில் சங்கு ஊதியதும் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“பேரு எழுத மாட்டோமுங்க. நம்பர் மட்டுந்தான். நீங்க பதினேழு,” என்றான் அருள்குமார். ஊர் முதலமடைப் பக்கம் என்றும், மாந்தோப்பில் காய் பறிக்கும் குடும்பம் என்றும் சொன்னான். மாம்பால் பட்டு அவன் அம்மாவுக்கு வருசா வருசம் கை வெந்து போகுமாம். அதே பால் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்றுமே செய்யாதாம். ஒரு உடம்பு சும்மா விடுவதை இன்னொரு உடம்பு ஏன் சண்டைக்கு இழுக்கிறது என்பதுதான் படிப்பு என்றான்.

“அதுக்கு எம்புட்டு ரத்தம் எடுப்ப?”

“ஒரு ஸ்பூனுங்க.”

“ஒரு ஸ்பூனுக்கு எத்தன ‘ங்க’ போடுறான் பாரு,” என்று சோலை சிரித்தான். பூமாரி கையை நீட்டினாள்.

மூன்று வாரம் கழித்து அவன் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. எஸ்டேட்டில் ஆளைக் கொட்டுவது இரண்டு ஜாதி என்றான். மரத்தில் பானை மாதிரி கூடு கட்டுகிற கதண்டு ஒன்று. செடியின் தூருக்குள் விசிறிபோலத் தொங்குகிற சின்னக் குளவி இன்னொன்று. அவள் ரத்தம் இரண்டு விசத்தையும் எதிரியாகவே பார்க்கிறது. இரண்டும் பங்காளிகள், எது கொட்டியது என்பதை ரத்தத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை. கொட்டியது எது என்று தெரிந்தால், அதன் விசத்தையே துளியிலும் துளியாக ஏற்றி உடம்பைப் பழக்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சி ஆசுபத்திரியில் செய்கிறார்கள். தெரியாமல் ஆரம்பிக்க மாட்டார்கள்.

“கதண்டுதான்,” என்றாள் பூமாரி. “அன்னைக்குச் சாயந்தரமே இவரு சவுக்கு மரத்துல இருந்த கூட்டைக் கொளுத்திப்புட்டாரு.”

“கொட்டுனதப் பாத்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. அந்தக் காட்டு வழக்கம் அப்படி. ஆளைச் சாய்த்த குளவியைக் கண்ணால் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதன் சனம் முகத்தை அடையாளம் வைத்துத் தேடி வரும். அன்றைக்குக் கூட வேலை செய்த சித்ரா, பூமாரியின் தலைத்துணியில் நசுங்கிக் கிடந்ததைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். வேப்பிலையோடு கறுப்புத் துணியில் முடிந்து, வாசல் நிலையில் தொங்கவிட்டாள். இரண்டு வருசமாக அந்த முடிச்சின் கீழேதான் பூமாரி குனிந்து போய் வந்துகொண்டிருந்தாள்.

அருள்குமார் தலையைத் தூக்கிப் பார்த்தான். “உள்ள இருக்கறதப் பாத்தா எதுன்னு தெரிஞ்சுருமுங்க,” என்றான். அவிழ்ப்பதை நினைத்ததுமே பூமாரிக்குப் பயம் வந்தது.

முடிச்சை அவிழ்க்கப்போகிற சேதி கேட்டு சித்ரா ஓடி வந்தாள். “அவுக்காத மதினி. இத்தன நாளு அது கட்டுப்பட்டுக் கெடக்கு. காலேஜு படிச்சவன் நாளைக்குப் பஸ் ஏறிருவான். காட்டுல நிக்கப்போறது நீயி.”

அது பூமாரிக்கும் தெரியும். சோலை ஸ்டூல் போட்டு ஏறப் போனான். அவள் தடுத்தாள். “என்னயத்தான் கொட்டுச்சு. நானே எடுக்கேன்.”

முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகம் ஏறவில்லை. பல்லால் கடிக்க வாய்வரை கொண்டுபோய், பயந்து தள்ளிப் பிடித்தாள். உள்ளங்கை அரித்தது. இது நிஜ அரிப்பா, மனசா என்று தெரியாமல் இரண்டு கையையும் பாவாடையில் தேய்த்தாள். கடைசியில் கத்திரி முனையை விட்டுத் துணியை நெம்பினாள். அருள்குமார் விரித்திருந்த வெள்ளைத் தாளில் வேப்பிலைத் தூள் கொட்டியது. அதற்கு நடுவே, இடுப்பு நூலாகச் சிறுத்து, ஒரு பூச்சி. அரைச் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

கதண்டு அவ்வளவு சின்னதாக இருக்காது. அதைச் சொல்ல யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை.

பூமாரி கண்ணை மூடாமல் அதைக் குனிந்து பார்த்தாள். இந்த இரண்டு வருசமும் மரம் நிற்கிற வரிசையே வேண்டாம் என்று சூப்பர்வைசர் ஜோஜோவிடம் கெஞ்சி, நடுக்காட்டு வரிசையை வாங்கியவள் அவள். அடர்ந்த தூருள்ள வரிசை. சின்னக் குளவி தொங்குகிற இடமே அதுதான். பயந்து பயந்து ஒதுங்கியது அத்தனையும் அதன் வீட்டுக்குள்ளேதான்.

மறுநாள் அவளால் கத்திரியைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு செடியும் மூடி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. பத்து மணி வரைக்கும் கொழுந்து போடும் பட்டையில் ஒரு கைகூடச் சேரவில்லை. ஜோஜோ மலையாளமும் தமிழும் கலந்து, “எந்தா பூமாரி, பூ பறிக்கவா வந்தே?” என்று கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே வீட்டுச் சாவி ஆபீஸ் மேஜையில் கிடப்பதுபோலக் கண்ணில் தெரிந்தது. வாரம் ஒருநாள் ஊசி போட அந்த ஆராய்ச்சி ஆசுபத்திரிக்குப் போக வேண்டும், சம்பளம் வேண்டாம், லீவு மட்டும் போதும் என்றாள்.

ஜோஜோ குரலைத் தாழ்த்தினான். “எழுதித் தந்தா ஓப்பீஸுக்குப் போகும். வாயால சொன்னது என் செவியோட நிக்கும். புதன்கிழமை போய்ட்டு வா. இனி முன்னாடி ஆளு விட்டுச் செடியக் கம்பால தட்டிட்டு நீ எறங்கு.”

முதல் ஊசி போட்ட நாளில், மருந்துக் குழாயில் என்ன இருக்கிறது என்று அவள் நர்ஸிடம் கேட்டாள். அதே விசம்தான் என்றாள் நர்ஸ். பூமாரி அரை மணி நேரம் அசையாமல், விரித்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமையும் அதே பயத்தோடுதான் போனாள்.

இப்போது ஊசி மாதத்துக்கு ஒருமுறை. இன்னும் மூன்று வருசம் போட வேண்டும். பூமாரி அதே ஒன்பதாம் நம்பர் காட்டில் வேலை செய்கிறாள். சித்ரா முன்னால் கம்பால் தட்டிக்கொண்டு போகிறாள். பூமாரியும் சோலையும் மூன்றாவது லயத்தின் அதே ஆறாவது வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பூமாரியைக் குளவி கொட்டவில்லை. அதனால் மருந்து பிடித்ததா என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.