மீன் வாகனத்தில் வந்த குளிசை மட்டை

காலை எட்டுப் பத்துக்கு என் கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவரின் வயிற்றைத்தான் முதலில் கண்டேன். பிறகுதான் முகம். அரிப்புக் கிராமத்தைச் சேர்ந்த கடற்றொழிலாளி ஒருவரின் மனைவி, வயது நாற்பத்துமூன்று. ஒரு வருடத்துக்கு மேலாக அவரை நான் நேரில் பார்க்கவில்லை. பிரஷர் குளிசை முடிந்ததும் வெறும் மட்டையை மன்னாருக்கு வரும் மீன் வாகனத்தில் கொடுத்துவிடுவார். அதைப் பார்த்து நான் மருந்துத் துண்டு எழுதுவேன்; சாரதி பார்மசியில் வாங்கிக்கொண்டு போவார். எங்கள் கரையோரத்தில் பலரும் செய்வதுதான். சனத்துக்குப் பஸ் அலைச்சல் மிச்சம் என்று எனக்குள் பெருமையும் இருந்தது.

“வாயுவுக்கு ஏதும் தாங்கோ டொக்டர். வயிறு ஊதிக்கிடக்கு. பலூன் விழுங்கினியோ எண்டு இவர் பகிடி பண்ணுறார்.”

“மாதச் சுகயீனம் எப்ப வந்தது?”

“அது நிண்டுபோச்சு. வயசு போட்டுதெல்லே.”

கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் கைவைத்தேன். உள்ளே பிள்ளை அசைந்தது.

அந்தப் பிரஷர் குளிசை கருவிலுள்ள பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பிள்ளையைச் சுற்றியுள்ள நீரை வற்றச்செய்யும். அது தெரிந்தும், ஒரு கேள்வியும் கேட்காமல் மாதாமாதம் எழுதியவன் நான். அவர் கர்ப்பமாயிருப்பதையும் இதையும் அவரிடம் சொன்னேன்.

அவர் வயிற்றை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

“நீங்கள் என்ன செய்வியள் டொக்டர்? நானெல்லே வந்து காட்டியிருக்கோணும்.”

அவர் திட்டியிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பேன்; இதற்கு முடியவில்லை.

“இல்லை. நான்தான் வரச்சொல்லியிருக்கோணும்,” என்றேன்.

குளிசையை மாற்றி, என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கானில் பிள்ளையின் இதயம் துடித்தது. நீர் குறைந்திருந்தது.