தொங்குகிளிக்குப் பிறந்த குஞ்சுகள்

என் சித்தி முத்துப்பேச்சிக்குக் குப்பை என்றால் ஜென்மப் பகை. போடியில் ஏலக்காய் வியாபாரி ஞானசிகாமணி தன் தோட்டத்தில் சின்னதாக ஒரு மிருகக்காட்சிசாலை நடத்திவந்தார். 1938 வாக்கில் அங்கே பறவைக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டது சித்திதான். மானையும் மயிலையும் பார்க்க ஊரே வரும். சித்திக்கு உயிரெல்லாம் தொங்குகிளி ஜோடிமேல். மலைக்காட்டை விட்டு லேசில் இறங்காத குட்டிக்கிளி அது. வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கித்தான் தூங்கும்.

விடிந்ததும் கூண்டைக் கூட்டுவாள். உள்ளே வைத்திருந்த பொந்துக்கட்டையிலும் கைவிட்டு வழித்துப் போடுவாள். "சோறு போட்டுச் சாப்பிடலாம், அம்புட்டுச் சுத்தம்" என்று பீற்றிக்கொள்வாள். அந்தச் சுத்தத்தில் இரண்டு வருஷமாக ஒரு முட்டைகூட இல்லை.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "பேச்சி, பங்குனிக்குள்ள குஞ்சு பொரிக்கலைன்னா சர்க்கஸ்காரருக்குக் குடுத்துருவேன்" என்றார்.

"பச்சப்புள்ளைகளக் கொண்டுபோயி வித்தை காட்டச் சொல்லுவாகளே!" என்று சித்தி அழுதாள்.

மறுநாள் கூட்ட மனசில்லாமல் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். பெண்கிளி ஓர் இலையை நீளமாகக் கிழித்து, முதுகின் கீழ் இறகுக்குள் செருகிக்கொண்டது, பெண்கள் சுருக்குப்பையை இடுப்பில் செருகுவதுபோல. பொந்துக்குள் போனது, வெறும் இறகோடு திரும்பியது. சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாதகத்தி! அது கூடு கட்டக் கட்ட நானில்ல வழிச்சு எறிஞ்சிருக்கேன்!"

அதன்பின் அங்கே விளக்குமாறு நுழையவில்லை. பழத்தோல் அழுகி நாறியது. சித்தியோடு போகும் எனக்கே குமட்டும். சித்திக்குக் கை பரபரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். முதலாளி பார்த்துவிட்டுக் கத்தினார்.

"என்ன பேச்சி, இது கூண்டா குப்பைமேடா? வேற ஆளை விட்டுக் கூட்டச் சொல்றேன்."

சித்தி வாசலை மறித்தாள். "வேலையை விட்டு நிப்பாட்டுங்க மொதலாளி, போறேன். பொந்துல மட்டும் கை வைக்கக் கூடாது. அது வீடு கட்டுது. இத்தனை நாளா இடிச்ச பாவி நான்தான்."

முதலாளி கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "சரி, பங்குனி வரைக்கும்" என்று போய்விட்டார்.

பங்குனிக் கடைசியில் சர்க்கஸ்காரர் கூண்டோடு வந்து நின்றார். அப்போதுதான் பொந்துவாயில் ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று.

முதலாளி சர்க்கஸ்காரரைக் கும்பிட்டு, "போயிட்டு வாங்க" என்றார். சித்தி அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. தெருவைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாக! ஆத்தாடி, ரெண்டு பேரும் வந்துட்டாக!"

கட்டின புருஷனைக்கூட அவள் அத்தனை மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.