அந்த வீட்டுப் புதினம்

கருவாட்டு வாசம் நாய்களுக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். தாழ்வுபாட்டிலிருந்து மன்னார் நகரப் பக்கமாக நான் நடந்துகொண்டிருந்தபோது, என் சட்டையில் ஊறியிருந்த உப்பு மணத்தை நம்பி நாய்கள் சில கூடவே வந்தன. எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். கையில் ஒரு உடுப்புப் பை, வேலை இல்லை, இரவு படுக்க இடமும் இல்லை. அதெல்லாம் எனக்குப் பழக்கமானதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நான் நிறுத்தியதும், குவைத்துக்கு வேலைக்குப் போன அம்மாவிடமிருந்து பேச்சு வராமல் போனதும், பேசாலையில் சித்தி வீட்டில் எனக்குப் பாய் போட இடம் போதாமல் போனதும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. ஒரு தொலைக்காட்சி நாடகத்தால் வேலை போனது மட்டும்தான் புதிது.

வேலை பிலோமினா மாமியின் ‘வாடி’யில். கடற்கரையில் கிடுகுக் கொட்டில் போட்டு, மீனை வெட்டி உப்பிட்டுக் காயவைக்கும் இடத்தை அப்படித்தான் சொல்வோம். மாமி விதவை. அவருடைய மருமகள் மெற்றில்டாவும் அயல் பெண்கள் சிலரும் அங்கே மீன் வெட்டுவார்கள், நான் பரப்பியும் பிரட்டியும் காகம் விரட்டியும் நிற்பேன். கை மீனில் இருந்தாலும் வாய் எப்போதும் முதல்நாள் பார்த்த படத்தில்தான் இருக்கும். அங்கே படங்களுக்குக் கிடைத்த தீர்ப்புகளை நான் பிறகு எந்த ஊரிலும் கேட்டதில்லை. கடலைக் காட்டாத படம் எப்படியாவது தப்பிவிடும். காட்டினால் தொலைந்தது. கதாநாயகன் வலை வீசிய ஒரு காட்சிக்காக மாமி, “உவன்ர வலைக்குள்ள உவன்தான் விழுவான்” என்று முழுப் படத்தையும் தள்ளுபடி செய்தார். பட்டுச் சேலையோடு மீன் கழுவிய கதாநாயகியை மெற்றில்டா கடைசிவரை மன்னிக்கவில்லை. “முகத்தில ஒரு செதில் தெறிச்சதோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த வருடம் புதிதாக வந்த பங்குத்தந்தை, மீன் தின்னும் சனம் தவக்காலத்தில் இறைச்சியை விடுவதில் என்ன ஒறுத்தல் இருக்கிறது என்று பிரசங்கத்தில் கேட்டுவிட்டார். வாடிப் பெண்களுக்கு அது சுட்டுவிட்டது. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று எல்லோருமாகப் போய், அது முடியும் உயிர்த்த ஞாயிறுவரை நாடகம் பார்ப்பதில்லை என்று அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மாமி தொலைக்காட்சிப் பெட்டியை மேசைவிரிப்பால் மூடினார்.

ஆனால் மஹ்ரூப் நானாவை யாரும் மூடவில்லை. முசலிப் பக்கத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கருவாடு வாங்க வரும் அவருக்குத் தவக்காலம் இல்லை. அவருடைய வீட்டில், பெண்கள் பாதியில் விட்ட மாமியார் மருமகள் நாடகம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நோன்பு மாதத்தில் அவர் பார்க்காமல் விடும் கதையை வாடிப் பெண்கள் சொல்லிக்கொடுப்பது முன்பே இருந்த வழக்கம், இப்போது முறை மாறிற்று. ‘நாடகம்’ என்ற சொல்லைமட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை. மாமி தராசைப் பார்த்தபடி, “நானா, அந்த வீட்டில என்ன புதினம்?” என்பார். அயல்வீட்டுச் செய்தி போல நானா சொல்லத் தொடங்குவார். கதையை நேர்மையாகச் சொல்லும் மனிதர், ஆனால் கட்சி மாமியார் கட்சி. “அந்தக் கிழவிக்கும் ஒரு நியாயம் இருக்கு” என்று முடிப்பார். பெண்கள் மீனை இன்னும் ஓங்கி வெட்டுவார்கள். மாமிக்கு உள்ளுக்குள் நானாவின் கருத்துத்தான் என்பது எனக்குத் தெரியும், மருமகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

ஒருநாள் நானா பெரிய புதினத்தோடு வந்தார். கிழவி மருமகளின் பாலில் எதையோ கலந்து நீட்டிவிட்டாள், மருமகள் கிளாசைக் கையில் வாங்கிவிட்டாள், அதோடு ‘தொடரும்’. அன்று மாலை கோயிலில் செபமாலை முடிந்து வெளியே வரும்போதும் பெண்கள் அதையே குசுகுசுத்தார்கள். பின்னால் வந்த பங்குத்தந்தையின் காதில், ஒரு வீட்டில் மாமியார் மருமகளுக்குப் பாலில் நஞ்சு வைக்கிறாள் என்ற செய்தி விழுந்தது. எந்த வீடு என்று கேட்டார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, நானா வருமுன்பே, அவர் விசாரித்துக்கொண்டு வாடிக்கு வந்துவிட்டார். வந்த நேரம் அப்படி. மெற்றில்டா அப்போது பிள்ளைத்தாய்ச்சி, கொட்டிலுக்குப் பின்னால் குமட்டிச் சத்தியெடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமி ஒரு கிளாஸ் பாலோடு நின்றார். பங்குத்தந்தை பாய்ந்து போய் கிளாசைப் பிடுங்கினார்.

“பிள்ளை, இதைக் குடிக்காதேங்கோ.”

மாமியின் முகம் வெளிறிவிட்டது. வாயைத் திறந்தால் வாக்குத் தவறியது வெளிவரும் என்று பெண்கள் ஒருவரும் பேசவில்லை. பங்குத்தந்தை என் பக்கம் திரும்பி, “பயப்படாமல் சொல்லு தம்பி, அந்த வீடு இதுதானோ?” என்றார். நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால் வேலை மிஞ்சியிருக்கும், ஆனால் மத்தியானத்துக்குள் தாழ்வுபாடு முழுக்க மாமி நஞ்சு வைத்தவர் ஆகியிருப்பார்.

“இல்லை பாதர். அது டிவியில நடக்கிற வீடு.”

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு மாமியைப் பார்த்தார். மாமி நிமிர்ந்து நின்று சொன்னார்: “நாங்கள் பார்க்கேல்லை பாதர். கேட்டனாங்கள்.”

கையிலிருந்த பாலை என்ன செய்வதென்று தெரியாமல் பங்குத்தந்தை தானே குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, உயிர்த்த ஞாயிறுவரை கேட்பதும் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். மாமி என் உடுப்புப் பையை எடுத்து வெளியே வைத்தார். “கண்ணை நாங்களே மூடினம். உன்னால காதையும் பூட்டிப்போட்டார். வெளிக்கிடு.” கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மருமகளின் கதி தெரியாமலே தவக்காலம் முழுவதையும் கழிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கோபம்.

அண்மையில் அந்தப் பக்கம் போனேன். வாடிக்கு இப்போது தகரக் கூரை. பெண்கள் காதில் வயர் செருகி, உப்புப் படாமல் சொப்பிங் பையில் சுற்றிய கைபேசியில் ஆளுக்கொரு நாடகம் பார்த்தபடி வெட்டுகிறார்கள். ஒருத்தி சிரிக்கும்போது பக்கத்திலிருப்பவள் மூக்கைச் சிந்துகிறாள். பழைய ஞாபகத்தில் மாமியிடம், அந்த வீட்டில் என்ன புதினம் என்று கேட்டேன். ஒரு காது வயரைக் கழற்றி, “எந்த வீடு?” என்றார்.

அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே வீடுதான். வேலை போன அன்று, நாய்கள் என்னைக் கைவிட்ட இடத்தில் நானாவின் மோட்டார் சைக்கிள் பின்னால் வந்து நின்றது. “அவங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. நான் ஊமை மாதிரி கருவாடு வாங்கிட்டு வாறன். சாக்குப் பிடிக்க ஒரு ஆள் வேணும், ஏறு” என்றார். நான் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல, அந்தப் பிள்ளை பாலைக் குடித்ததா என்பதைத்தான். “நேற்று முழுக்க அவட முகத்தைத்தான் காட்டினாங்க” என்றார் வெறுப்போடு. அன்று மாலை அவருடைய வீட்டில் எல்லோரோடும் இருந்து மிச்சத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, பின் இருக்கையில் சாக்குகளைப் பிடித்தபடி அதே வாடியில் போய் இறங்கினேன். மாமி என்னைக் கண்டுகொள்ளவில்லை. கருவாட்டை நிறுத்தார், கட்டினார், சாக்கை என் கையில் தந்தார். தந்தவர் பிடியை விடவில்லை. மெற்றில்டாவின் கத்தி நின்றது, மற்றப் பெண்களின் கத்திகளும் நின்றன. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. இல்லை என்று தலையைமட்டும் ஒரு தடவை ஆட்டினேன்.

மாமி சாக்கை விட்டார். இப்படித்தான் நான் நானாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். உயிர்த்த ஞாயிறுவரை வாடி வாடியாகப் போய்ச் சாக்குப் பிடிப்பதும் தலையாட்டுவதும்தான் வேலை.