பதினொரு பேர்

ஏழு வருடம் இருக்கும். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். இன்றும் அதே கடைதான். ஜெராக்ஸ் என்பதெல்லாம் போர்டுக்குத்தான், பிழைப்பு ஓடியது மனு எழுதித்தான். வில்லேஜ் ஆபீஸுக்கு மலையாளத்தில், பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர்களுக்குத் தமிழில். என் மனுவைப் படித்தால் ஆபீசருக்கே கண் கலங்கும் என்று ஊரில் பேச்சு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரு ஆடு செத்தால் மூன்று ஆடு என்று எழுதுவேன். நாலு ஓடு உடைந்திருந்தால் கூரையே பறந்துவிட்டது என்பேன். மனு எழுதுகிற எல்லோரும் செய்வதுதான். ஆபீசரும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் படிப்பார்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்தார். என் வயதுதான், நாற்பதைத் தாண்டியவர். இலங்கைப் போரில் உயிர் தப்பி வந்து, எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் வீட்டில் தங்கி, தையல் யூனிட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்து, அவருடைய ஒன்பது வயது மகன் இறந்துபோயிருந்தான். அந்தப் போரில் நடந்தது இனப்படுகொலை என்று வெளிநாட்டில் வழக்கு நடத்திய வக்கீல்கள் அவரிடம் வாக்குமூலம் கேட்டிருந்தார்கள். மறுநாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அவர் அழவில்லை. அழுததெல்லாம் நான்தான்.

சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து, என் கைவரிசை முழுவதையும் அதில் காட்டினேன். இந்த அம்மாவுக்கு என்னால் ஆன உதவி என்று நிஜமாகவே நினைத்தேன். அவர் வந்ததும் பெருமையோடு நீட்டினேன்.

"படிச்சுப் பாருங்க. கல்லும் கரைஞ்சு போயிருமுங்க."

விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றது.

"பதினொரு பேர் எண்டல்லோ சொன்னனான்? இதிலை நூற்றுக்கணக்கெண்டு கிடக்கு."

"ஏனுங்க, நெசமாவே அத்தனை பேரு செத்தாங்கன்னு பேப்பர்லயே போட்டிருந்தானுங்களே. பதினொண்ணுன்னா கம்மியாத் தெரியுமுங்க."

"கம்மியோ?" என்றார். அவ்வளவுதான். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவரே தொடர்ந்தார். "நான் கண்டது பதினொரு பேரை. என்ரை பிள்ளையோடை சேர்த்து. நான் ஒண்டு கூட்டிச் சொன்னாலும், பொய்க்காரி எண்டு எல்லாத்தையும் தள்ளிப்போடுவினம். அவனையும் சேர்த்துத்தான் தள்ளுவினம்."

பிறகு ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்தார். ஷெல் அடித்தது யார் என்று தான் பார்க்கவில்லை என்று அவர் சொல்லியிருந்ததை, வழக்குக்கு ஆகாது என்று நானாகவே எடுத்திருந்தேன். அதைத் திரும்பப் போடச் சொன்னார். 'கருணை கூர்ந்து' என்று நான் முடித்திருந்த இடத்தைப் பார்த்து, "நான் இரக்கம் கேக்கேல்லை, விசாரணை கேக்கிறன்" என்றார். உச்சியில் கொட்டை எழுத்தில் இனப்படுகொலை என்று தலைப்பு வைத்திருந்தேன். அதையும் விடவில்லை.

"அதுதானுங்களே நடந்தது?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"அதேதான். ஆனா அந்தச் சொல்லை நீதிபதி எழுதவேணும். நான் கண்டதை மட்டும் நான் சொன்னால்தான் அவர் அதை எழுதுவார்."

காலையில் அவர் சொன்னதை அப்படியே திரும்ப டைப் செய்து, பதினொரு பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு வருத்தம்தான். இவ்வளவு சப்பென்ற காகிதத்தை எவன் படிப்பான் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து, வீடியோவில் அவரை விசாரித்தார்கள். எங்கள் பக்கம் நெட் ஒழுங்காகக் கிடைத்த இடம் என் கடை என்பதால் அங்கேயே உட்கார்ந்தார். நான் வெளியே ஸ்டூல் போட்டு, வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். காது மட்டும் உள்ளேதான். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பதை ஒருவர் தமிழில் சொன்னார். பதினொன்று என்று எப்படித் தெரியும்? அவர் எண்ணிக் காட்டவில்லை, பெயர் சொன்னார். இன்னாருடைய மனைவி, இன்ன ஊர், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என்று பத்துப் பேர். கடைசியாகத் தன் மகன் பெயர். அங்கே மட்டும் குரல் ஒரு தரம் உடைந்து சேர்ந்தது.

அன்றைக்கு அங்கே நூற்றுக்கணக்கானோர் இறந்ததாகச் சொல்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று வக்கீல் மடக்கினார். நான் எழுதியபடியே போயிருந்தால் சிக்கியிருப்பது அங்கேதான்.

"இருக்கலாம். அதைக் கண்ட ஆக்கள் சொல்லுவினம்."

ஷெல் அடித்தவர்களைப் பார்த்தீர்களா?

"காணேல்லை. எழுதியிருக்கிறன்."

அதற்குமேல் அந்த வக்கீலிடம் கேள்வி இல்லை. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

இரண்டு வருடம் முன்பு, உடம்பு முடியாமல் இருந்து அவர் காலமானார். அவர் சொன்னதில் ஒரு வரியைக்கூட யாராலும் அசைக்க முடியவில்லை என்று அவருடைய வக்கீல் அக்காவுக்கு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அக்காவுக்குப் படித்துச் சொன்னது நான்தான். இப்போதெல்லாம் நாலு ஓடு என்றால் நாலு ஓடு என்றே எழுதுகிறேன். வேறு கடைக்குப் போய்விட்ட வாடிக்கையும் உண்டு. போகட்டும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அந்தப் பதினொரு பேரும் அதில் இருக்கிறார்கள். நான் எழுதிய ஆயிரம் மனுக்களில், என் சரக்கு ஒன்றுமே இல்லாத அந்த ஒன்றைத்தான் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தி என் கடையில் அச்சானது என்று சொல்லிக்கொள்கிறேன்.