மார்னிக்கு வேண்டியிருந்த இரும்பு

எது அழகு என்று மார்னி ஸ்டோர்டாலைக் கேட்டால் கொஞ்ச நேரம் முழிப்பாள். எது உதவும் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவாள். அவள் கல்யாணத்துக்கு ஊரே பீங்கான் தட்டும் பூச்சாடியும் வாங்கிக்கொண்டு போனபோது, பனியில் டயருக்குக் கட்டுகிற சங்கிலி ஒரு ஜோடி கிடைத்தால் தேவலை என்று வாய்விட்டே சொன்னாள். அவள் மாமியார் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. புருஷன் கர்ட் நல்லவன்தான், ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி நிறையப் பழைய துப்பாக்கி வைத்திருந்தான். ஒன்றையும் சுட மாட்டான். சுட்டால் விலை இறங்கிவிடுமாம். எடுப்பான், துடைப்பான், மறுபடி பூட்டுவான். கிணற்று மோட்டார் எரிந்துபோன வருஷம், "அதுல ரெண்ட வித்துட்டு மோட்டார் வாங்கலாம்" என்று மார்னி சொன்னதற்கு அவன் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள், மொண்டானாவில் இந்தப் பக்கத்துக் காற்று தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பில்லிங்ஸ் நகரத்துக்குப் போய்விட்டான், அலமாரியோடு. காற்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மார்னியும் இருக்கிறாள், அப்பா விட்டுப்போன நிலத்தில், இருநூறு மாட்டோடு, தனியாக.

அவளுடைய துப்பாக்கி ஒன்றே ஒன்று. பிடிக்கட்டை விரிசல் விட்டு, கறுப்பு டேப் சுற்றி, பிக்கப் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் கிடக்கும். கயோட்டி நரி கன்றைச் சுற்றினால் எடுப்பாள். குளிருக்கு முன் இறைச்சிக்கு ஒரு மான். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யோசித்ததே கிடையாது.

பண்ணைப் பிழைப்பைப் பற்றி அவளை யோசிக்க வைத்தது போன மார்ச் மாதம். தலையீத்துக் கிடாரி ஒன்று கன்று குறுக்கே நின்று முக்கிக்கொண்டிருந்தது. கயிற்றைப் போட்டுத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தவளை அது திரும்பிச் சுவரோடு வைத்து ஒரு நசுக்கு நசுக்கியது. இரண்டு விலா எலும்பு முறிந்தது. கன்று செத்தது. விடிவதற்குள் கிடாரியும் செத்தது. விலா சேர்ந்துவிட்டது, ஆனால் மார்னிக்குப் புரிந்துவிட்டது. மாட்டைப் பூட்டி நிறுத்த ஒரு ஈத்துக் கூண்டு இல்லாமல் இன்னொரு வருஷம் ஓட்ட முடியாது. கடையில் புதுசு வாங்கினால் ஒரு நல்ல காளையின் விலை. அதுவும் இரண்டு ஆள் நின்று பூட்டும்படி செய்தது.

ஒற்றை ஆளுக்கு ஏற்ற கூண்டு எங்கள் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. அவளுடைய பெரியப்பா ஆர்விட், எண்ணெய்க் கிணற்றுப் பழைய குழாய்களை வெட்டி ஒட்டித் தானே செய்தது. மாட்டுக்குப் பின்னால் நின்றபடி ஒரு கயிற்றை இழுத்தால் முன்னால் தலை பூட்டிக்கொள்ளும். மாடு படுத்துவிட்டால் பக்கக் கதவு தானாகத் திறந்து வழிவிடும். பார்க்க மகா அசிங்கம். ஆனால் அதற்குள் ஒரு மாட்டையும் அவர் பறிகொடுத்ததில்லை.

பெரியப்பா வசந்த காலத்தில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது. பெரியம்மா இங்கா நிலத்தை பாங்குக் கடனுக்குக் கொடுத்துவிட்டு மைல்ஸ் சிட்டியில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போவதாக முடிவாயிற்று. மிச்ச சாமான் எல்லாம் அக்டோபரில் ஏலம். அந்தப் பணத்தில்தான் கிழவி மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும்.

"ஏலத்துக்கு முன்னாடி உனக்கு என்ன வேணுமோ எடுத்துட்டுப் போடி" என்றாள் இங்கா.

"சும்மா எதுவும் வேண்டாம் பெரியம்மா. அன்னிக்கு வந்து எல்லாரையும் போல கேட்டு வாங்கிக்கறேன்."

"உங்க வம்சத்துக்கே இந்தத் திமிரு. சும்மா குடுத்தா கை கூசும்."

எது வேண்டும் என்று மார்னி பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஏலத்தில் உனக்கு எதன்மேல் கண் என்று வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும். இது எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். மாடு விற்றதில் கையில் நின்றது மூவாயிரம் டாலர். கூண்டு கிடைத்தால் இன்னொரு வருஷம். கிடைக்காவிட்டால் கிடாரிகளை விற்றுவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போவது. அதற்கு மனுவும் வாங்கி வைத்துவிட்டாள்.

அவள் சொல்லாததை ஊர் தானாக நிரப்பிக்கொண்டது. ஸ்டோர்டால் வீட்டில் விலைமதிப்பான பொருள் ஒன்றுதான் உண்டு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாட்டனுக்கு அப்பன் ஹால்வோர் இந்த மண்ணுக்கு வந்தபோது வாங்கிய வின்செஸ்டர் துப்பாக்கி. எண்கோணக் குழல், தேய்ந்த பித்தளைத் தகடு, கட்டையில் ஹால்வோர் கத்தியால் கீறிய இரண்டு எழுத்து. ஒருத்தரும் அதைப் பாலிஷ் போட்டுக் கெடுக்கவில்லை. அந்த வம்சத்தில் மிஞ்சியிருப்பது மார்னி ஒருத்தி. அவளுக்கு வேறு என்ன வேண்டியிருக்கும்?

ஏலத்தன்று காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. மேய்ச்சல் நிலம் பூராவும் வண்டிகள். மாதா கோயில் பெண்கள் காப்பியும் ரூபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பும் விற்றார்கள். ஏலம் விட வந்தவர் டுவேன். ஏலக்காரரை எங்கள் பக்கத்தில் கர்னல் என்றுதான் கூப்பிடுவோம், பட்டாளத்து வாசலை அவர் மிதித்ததே இல்லை என்றாலும். துப்பாக்கிகள்தான் கூட்டம் இழுக்கும், அதனால் அவை மதியத்தில், தட்டுமுட்டுச் சாமான் அப்புறம். ஐடஹோவிலிருந்து ஒரு சேகரிப்புக்காரர் வந்திருந்தார். வெள்ளைப் பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு, சின்ன விளக்கடித்து, வின்செஸ்டரில் பொறித்திருந்த எண்ணை மண்டியிட்டுப் படித்தார். பக்கத்துப் பண்ணை நீல்ஸ் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் எழுந்ததும் தோளில் கைபோட்டுக் காப்பிக் கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். மார்னி அதைப் பார்த்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கர்னல் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார். "பத்தாயிரத்துல ஆரம்பிக்கலாமா?"

ஒருவரும் அசையவில்லை.

"எட்டு? சரி, அஞ்சு? ஆயிரம்? நம்ம ஹால்வோர் துப்பாக்கிய்யா இது. ஐநூறு?"

நூறு கை நூறு பாக்கெட்டுக்குள் போய்விட்டது. ஆண்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மார்னியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடும்பத்துப் பொருள் குடும்பத்து ஆளுக்கு வேண்டுமென்றால் எங்கள் ஊரில் மற்றவர்கள் கை தூக்க மாட்டோம். சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கினவன் வண்டி பனியில் சிக்கினால் இழுக்க ஒரு டிராக்டரும் வராது.

"நூறு டாலர்" என்றார் கர்னல், நேராக மார்னியைப் பார்த்துச் சிரித்தபடி.

மார்னி ஒன்றும் தேவதை இல்லை. கணக்கு அவளுக்கும் தெரியும். கையைத் தூக்கினால் நூறு டாலருக்கு வின்செஸ்டர். நாளைக் காலையில் அதை ஐடஹோக்காரரிடம் தள்ளினால் கூண்டு, புது வேலி, கிணற்றுக்கு இன்னொரு மோட்டார் எல்லாம் வந்துவிடும். ஊரே சேர்ந்து வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. கை அரிக்கத்தான் செய்தது. பிறகு முன் வரிசையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம் கர்னல்" என்றாள் சத்தமாக. "பத்தாயிரத்துலருந்தே ஆரம்பிங்க."

நீல்ஸ் நெருங்கி வந்து, "பெருமை பாக்காத பொண்ணு. கையத் தூக்கு. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்" என்றான்.

"பெருமையும் இல்ல ஒண்ணும் இல்ல நீல்ஸ். அது பெரியம்மாவோட சோறு. நூறு டாலருக்கு நான் அதத் தூக்கிட்டுப் போயிட்டா, அவங்க வாடகைய நீங்க கட்டுவீங்களா?"

மார்னி ஐடஹோக்காரர் பக்கம் திரும்பினாள். "கையுறை சார், அவ்வளவு தூரத்துலருந்து காத்து வாங்கவா வந்தீங்க? கேளுங்க."

"கேக்கலாம் மேடம்" என்றார் அவர் பவ்யமாக. "ஆனா காலையிலருந்து மூணு பேர் வந்து எங்கிட்ட அன்பாப் பேசிட்டாங்க. வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு நாலு டயரும் வேணும்."

"டயருக்கு நான் ஜவாப்தாரி."

கூட்டம் சிரித்துவிட்டது, அதோடு கட்டு அவிழ்ந்தது. ஐடஹோக்காரரும் வயோமிங்கிலிருந்து வந்த இன்னொருவரும் மாறி மாறி ஏற்றினார்கள். பதினோராயிரத்து நானூறில் ஐடஹோக்காரருக்கே முடிந்தது. அவர் அதைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி துணியில் சுற்றுவதை மார்னி கடைசிவரை நின்று பார்த்தாள். வருத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் தோன்றவில்லை.

பையன்கள் அடுத்த சாமானை உருட்டிக்கொண்டு வருவதற்குள் இங்கா நாற்காலியை விட்டு எழுந்து அவளிடம் வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏண்டி, அறிவிருக்கா உனக்கு?"

"பெரியம்மா, அவங்க உங்க பணத்த..."

"அவங்க இல்லடி. நான். நான்தான் வீடு வீடா போன் போட்டு, யாரும் கை தூக்காதீங்க, என் பொண்ணு எடுத்துக்கட்டும்னு சொன்னேன். நேராக் குடுத்தா வாங்க மாட்ட. வேற எப்படித்தான் குடுக்கறது உனக்கு?"

நாற்பத்தொரு வயதில் மார்னி, அத்தனை பேர் முன்னால், திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றாள்.

"ஹால்வோர் துப்பாக்கிய எவனோ கையுறை போட்டவன் கொண்டு போறான்" என்றாள் இங்கா.

"பெரியம்மா, அத வெச்சிட்டு நான் என்ன பண்ணுவேன்? தொடச்சுத் தொடச்சுப் பூட்டுவேனா? அப்படி ஒருத்தனோட ஏற்கெனவே குடும்பம் நடத்திட்டேன். எனக்கு வேண்டியது அதோ, அது." கொட்டகை ஓரம் களைக்கு நடுவில் நின்ற கூண்டைக் காட்டினாள்.

இங்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அந்தத் துருவா?"

"அதேதான். அது இல்லன்னா கிடாரியெல்லாம் வித்துட்டு பஸ் ஓட்டப் போறேன்."

"இத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"வெல ஏறிடும்னு."

இங்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனாள்.

கூண்டின் முறை வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கூட்டம் பாதி கலைந்திருந்தது, ஆனால் ஆற்றங்கரைப் பெரிய பண்ணையின் மேலாளர் ரஸ் போகவில்லை. அவரும் அதற்காகத்தான் வந்திருந்தார். கூண்டு சாமான், வம்சத்துப் பொருள் இல்லை. சாமானுக்கு யாரும் யாருக்காகவும் கையை மடக்க வேண்டியதில்லை. ஆயிரத்தில் தொடங்கியது. மார்னி, ரஸ், மார்னி, ரஸ். இரண்டாயிரத்து ஐநூறு என்றார் ரஸ்.

"மூவாயிரம்" என்றாள்.

"மூவாயிரத்து நூறு" என்றார் ரஸ், காப்பியை ஊதிக் குடிக்கிறவர் மாதிரி சாவகாசமாக.

கர்னல் மார்னியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள், இல்லை என்று. அவ்வளவுதான். பஸ் ஓட்டுவதும் ஒரு வேலைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதை அவளே நம்பவில்லை.

"ஐயாயிரம்."

எல்லாரும் திரும்பினார்கள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டிருந்தது.

கர்னல் மைக்கைத் தாழ்த்தினார். "இங்காம்மா, பொருள் உங்களுது."

"தெரியும். என் வலது பாக்கெட்டுலருந்து எடது பாக்கெட்டுக்குப் போகுது. உன் கமிஷன முழுசா எடுத்துக்கோ. ரஸ், ஆறாயிரம்னு சொல்லு பாப்போம். நான் ஏழுன்னு சொல்றேன். இருட்டற வரைக்கும் நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்."

ரஸ் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு, தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போடாத குறையாகப் பின்வாங்கினார்.

மார்னி நாற்காலி அருகில் போய் நின்றாள்.

"செக்க எழுது" என்றாள் இங்கா.

"அஞ்சாயிரம் எங்கிட்ட இல்ல பெரியம்மா."

"எவ்வளவு எடுத்துட்டு வந்த?"

"மூணு."

"மூணு எழுது. ஒரு டாலர் கொறச்சாலும் வாங்க மாட்டேன். சும்மா குடுத்துட்டேன்னு நாளைக்கு ஒனக்குக் கை கூசக் கூடாது பாரு."

வண்டியின் பானெட்டில் வைத்து மார்னி எழுதினாள். காற்றில் தாள் படபடத்தது. இங்கா அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே வேணுங்கறத வாயத் தொறந்து கேளு. ஒனக்காக ஊர்பூரா போன்ல கெஞ்ச வெச்சிட்டியே என்ன."

மார்னிக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"அப்ப ஒண்ணு கேக்கறேன். ஈத்து முடியற வரைக்கும் எங்கூட வந்து இருங்க. தலையப் பூட்டிடலாம், ஆனா கொட்டகைய மாத்தி மாத்திப் பாக்க இன்னொரு ஆள் வேணும். எனக்குத் தனியா முடியல பெரியம்மா."

"ஃபிளாட்டுக்கு முன்பணம் குடுத்தாச்சேடி."

"பிப்ரவரி, மார்ச் மட்டும்."

இங்கா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூண்டைப் பார்த்தாள். அதைச் செய்த காலத்தில் ஆர்விட் ராத்திரியெல்லாம் கொட்டகையில் கிடந்ததற்காக அவரை அவள் திட்டாத திட்டு இல்லை.

"வர்றேன்" என்றாள். "ஆனா காப்பி நான்தான் போடுவேன். நீ போடறத மாடுகூடக் குடிக்காது."