பானை அடியில் எழுதிய அறிஞர்

சீனாவில் ஒரு பள்ளியின் அச்சு அறையில் தாவ் ஷிலியன் பத்தொன்பது வருடமாக நகல் எடுக்கிறாள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் கல்வியைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகள் அவளுக்கு மனப்பாடம். சுவரில் ஓட்டை போட்டுப் பக்கத்து வீட்டு வெளிச்சத்தில் படித்தவர், மின்மினிகளைப் பையில் அடைத்துப் படித்தவர், தூக்கம் வராமலிருக்கத் தலைமுடியை உத்தரத்தில் கட்டியவர். இவர்கள் வராத கட்டுரை கிடையாது.

அன்று ஆசிரியர் கெங் நகல் எடுக்கக் கொடுத்த மாதிரிக் கட்டுரை அவளை உறுத்தியது. மிங் அரச வம்ச காலத்து அறிஞர் ஃபெய் ஷோவ்சி, தாள் வாங்க வழியில்லாமல், கரி பிடித்த பானை அடியில் ஈர விரலால் எழுதிப் படித்தாராம். எழுதியவள் நிங் யாவ் என்ற மாணவி.

இத்தனை வருடம் ஒரு தாளில்கூடத் தலைகாட்டாதவர் எங்கிருந்து முளைத்தார்? முந்நூறு பேர் இதை நெட்டுருப் போட்டு, பத்து நாளில் மாகாணத் தேர்வில் எழுதுவார்கள். ஆள் பொய்யென்றால் அத்தனை பேருக்கும் மதிப்பெண் போய்விடும்.

தயங்கித் தயங்கி ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், இவரு எந்தப் புத்தகத்துல வர்றாரு?"

"என்ன ஷிலியன், நீயும் பரீட்சை எழுதப்போறியா? இவரத் தெரியாதவங்க உண்டா!" என்று கெங் சிரித்தார்.

பக்கத்து மேசை ஆசிரியை நிமிராமலே, "டாங் காலத்துக்காரர்தானே," என்றாள்.

"ஆமா, ஆமா, டாங்தான்," என்றார் கெங்.

தாளில் மிங் என்று இருந்தது; டாங்குக்குப் பல நூறு வருடம் பிந்திய காலம். ஷிலியன் அச்சு அறைக்குத் திரும்பினாள். இடைவேளையில் நிங் யாவை அழைத்தாள்.

"நெசமாச் சொல்லு. யாரு இந்த ஆளு?"

பெண் கதவைப் பார்த்தாள். "மெதுவா அத்தை! சுவத்துல ஓட்டை போட்டவர எழுதினா யாரு மார்க் போடுறா? அதான் நானே ஒருத்தர உண்டாக்கிட்டேன். சார் திட்டுவாருன்னு நெனச்சேன். 'அரிய சான்று'ன்னு எழுதி மாதிரிக் கட்டுரை ஆக்கிட்டாரு."

"முந்நூறு பேரு எழுதுவாங்களே?"

"சார்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொன்னா அவருக்குத் தெரியலன்னு ஆயிடும். அப்புறம் உன்னைச் சும்மா விடுவாரா?" பத்தி அளவுக்கு ஒரு தாளை வெட்டி நீட்டினாள். "நெசமா இருந்த ஆளா எழுது. அந்தப் பத்தி மேல ஒட்டிடலாம்."

நிங் யாவ் எழுதி முடித்தாள். ஷிலியன் இரண்டு முறை படித்தாள்.

"இவரு?"

"அத்தை! பாடப்புத்தகத்துலயே இருக்காரு."

"கொண்டா, பாக்கலாம்."

பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள்.