இறங்காத எடை

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர், "மிஷின் கோளாறு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சொல்லட்டும். அந்த மிஷினை மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன நாத்தனார் நன்றாகத்தான் இருக்கிறாள். அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். இதில் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பட்டவள் வாயால் வந்தது அப்படியே இங்கே இருக்கிறது.

பட்டவள், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். வண்டி எடுத்தால் பத்துப் பதினைந்து நாள் வீட்டுப் பக்கம் வரமாட்டான். இனிமேல் பிறக்காது என்று சொந்தக்காரர்கள் வாய் ஓய்ந்த பிறகு, கல்யாணமான ஏழாவது வருஷம் பிறந்தது அந்தப் பெண் குழந்தை. பிறந்த முதல் இரண்டு வாரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் எடை நின்றுவிட்டது.

மூன்று கிலோ. அடுத்த வாரமும் மூன்று கிலோ. அதற்கடுத்த வாரமும் அதே மூன்று. ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் ஒரு குறையும் இல்லை. பால் குடிக்கிறது, தூங்குகிறது. ஏறத்தான் மாட்டேன் என்கிறது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார் டாக்டர்.

வெளியே வந்து குழந்தைகள் பிரிவு ஹாலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, கையில் ஒரு பெரிய குடை. இதற்கு முன் இரண்டு மூன்று தடவை இதே ஹாலில் பார்த்த முகம்தான். பேசியதில்லை. மனசுக்குள் குடைக்காரி என்று பேர் வைத்திருந்தாள்.

குடைக்காரிதான் முதலில் பேச்சுக் கொடுத்தாள். என்ன ஏது என்று விசாரித்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, தன் வீட்டில் குழந்தைகளுக்கான எடை மிஷின் ஒன்று இருப்பதாகவும், தினமும் வீட்டிலேயே போட்டுப் பார்த்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்றும் சொன்னாள். காசெல்லாம் வேண்டாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். வீடு ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மாடி.

கூடப் போனவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு மிஷினை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை நிறம், நடுவில் தொட்டி மாதிரி குழிந்து இருந்தது. கொடுக்கும்போது ஒன்று சொன்னாள்.

"மேல ஒரு துணி விரிச்சே வைம்மா. வெறுமனே வெச்சா குளிரும்."

நம் குழந்தையைத்தான் சொல்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

மிஷின் ஒன்றும் அதிசயமானது இல்லை. பட்டனை அமுக்கினால் பூஜ்யம் காட்டும். குழந்தையைக் கிடத்தினால் எண்கள் கொஞ்ச நேரம் ஆடும். கை காலை உதைப்பது நின்றதும் எண்ணும் நிற்கும். பீப் என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

முதல் நாள் மூன்று கிலோ நூறு. அவளால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூட. அதற்கடுத்த நாள் இன்னும். ஒவ்வொரு நாளும் போட்டோ எடுத்துப் புருஷனுக்கு அனுப்பினாள். அவன் எங்கோ சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, போனில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். வாரக் கடைசியில் மூன்றரைக் கிலோ!

கீழ் வீட்டில் இருக்கும் நாத்தனார் மட்டும் குழந்தையைக் கையில் வாங்கி ஒரு மாதிரி பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவள் அவள். அன்றைக்குக் கேலி வரவில்லை. கன்னம் ஒட்டின மாதிரி இருக்கிறதே என்றாள். இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மிஷின் பொய் சொல்லுமா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு அன்று சிரித்த முகத்தோடு போனாள்.

ஆஸ்பத்திரி மிஷின் இரண்டு கிலோ எண்ணூறு காட்டியது.

மறுபடி போட்டார்கள். பக்கத்து அறை மிஷினில் போட்டார்கள். அதே இரண்டு எண்ணூறு. ஏறவில்லை... இறங்கியிருக்கிறது. டாக்டர் அவள் காட்டிய போட்டோக்களைத் தள்ளி வைத்தார். வீட்டு மிஷினை நம்பி ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டீர்கள் என்றார். உடனே சேர்க்க வேண்டும், ஆனால் கட்டில் காலியில்லை. நாளைக் காலை ஒன்று காலியாகும், முதல் வேலையாக வந்துவிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தாள். குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு நேராக மிஷினிடம் போனாள். சமையலறையிலிருந்து பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். ஒரு கிலோ, சரியாக. எடுத்ததும் பூஜ்யம்.

அப்போ மிஷின் சரிதானே?

குழந்தையைத் தூக்கி வந்து கிடத்தினாள். மூன்றரைக் கிலோ. பீப். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இத்தனை நாளும் குழந்தையைத் தூக்கியதும் அப்படியே திரும்பிப் போய்விடுவாள். காலியான மிஷினை யார் பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்குத்தான் நின்று பார்த்தாள்.

எழுநூறு கிராம்.

மேலே ஒன்றுமே இல்லை. ஒரு துணி மட்டும்.

துணியை உதறிப் போட்டாள். அப்போதும் எழுநூறு. பூஜ்யப் பட்டனை அழுத்தினாள். பூஜ்யம் வந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் எண் நகர்ந்தது. நூற்று இருபது... முந்நூறு... ஐந்நூறு... எழுநூறு. தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் எப்படிக் கிடத்துவோம்? முதலில் தலை. அப்புறம் முதுகு. கடைசியாகக் காலை விடுவோம். அந்த மாதிரி.

பேட்டரியைப் பிடுங்கினாள். எண் அணைந்தது. பிடுங்கிய பேட்டரியைக் கையிலேயே இறுக்கிக்கொண்டு, உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் படுத்தாள். கெட்டுப்போன மிஷின், அவ்வளவுதான் என்று நூறு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் சத்தம். மேல் மாடியில் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம். பட்டப்பகல்.

பீப்.

முன் அறையிலிருந்து.

பேட்டரி அவள் உள்ளங்கையில்தான் இருந்தது.

எழுந்து போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாமல் எப்படி இருப்பது? குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அவள் உதறிக் கீழே போட்ட துணி மிஷினின் மேல் விரித்திருந்தது. நடுவில் ஒரு பள்ளம். குழந்தை ஒன்று மல்லாந்து கிடந்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு.

எண் எரிந்துகொண்டிருந்தது.

எண்ணூறு... எழுநூற்றுத் தொண்ணூறு... எண்ணூற்று முப்பது... ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆடியது. கை காலை உதைக்கும்போது ஆடுமே... அந்த ஆட்டம்.

தொள்ளாயிரம்.

தோளில் இருந்த குழந்தை மெல்ல ஒரு பெருமூச்சு விட்டது.

ஆயிரம்.

இன்னொரு மூச்சு. அதன் கை அவள் முதுகில் துவண்டு விழுந்தது. தோளில் கனம் குறைந்தது. அவளுக்குத் தெரிந்தது... நன்றாகவே தெரிந்தது.

அப்புறம் அந்தச் சத்தம்.

ச்சப்... ச்சப்... ச்சப்...

துணிப் பள்ளத்திலிருந்து.

அந்தச் சத்தம் கேட்டதும் அவளுக்குப் பால் சுரந்தது. அவளை மீறி. ரவிக்கை நனைந்தது.

முட்டி போட்டு விழுந்தாள்.

"நான் உனக்கு என்னடா கண்ணு பண்ணேன்? இவ ஒருத்திதான் எனக்கு... விட்டுடு."

எண் நின்றது.

சத்தமும் நின்றது.

கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி.

ஒரு நிமிஷம்...

ச்சப்.

அவள் போட்ட கூச்சலில் நாத்தனார் கீழேயிருந்து ஓடி வந்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், துணிப் பள்ளத்தைப் பார்த்தாள், ஆடுகிற எண்ணைப் பார்த்தாள். இதை யாரிடம் வாங்கினாயோ அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவோம், கட்டில் இல்லாவிட்டால் தரையில் படுப்போம் என்றாள். அவளே மிஷினைத் தூக்கினாள். வாசலில் ஒரு வண்டியைப் பிடித்தார்கள்.

பாதி வழியில் நாத்தனார் மெல்லக் கேட்டாள்.

"அண்ணி... இது ஏன் இப்படிக் கனக்குது?"

இவள் மடியில் குழந்தை மடித்து வைத்த துணி மாதிரி இருந்தது. மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜெராக்ஸ் கடை மாடிக் கதவு, தட்டுவதற்கு முன்பே திறந்தது. குடைக்காரி நின்றுகொண்டிருந்தாள். மிஷினை நாத்தனார் கையிலிருந்து வாங்கினாள். ஒரு கையை அடியில் கொடுத்தாள். இன்னொரு கையைத் தலைமாட்டில் கொடுத்தாள். கழுத்து நிற்காத பிள்ளையை வாங்குவது மாதிரி.

வாங்கியதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. துணியைப் பார்த்து என்னவோ கொஞ்சினாள். பிறகு இவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்.

"நல்லா பாத்துக்கிட்டியேம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். இன்னும் ஒரே ஒரு வாரம் வெச்சுக்கக் கூடாதா? எங்கிட்ட அவ ஏறவே மாட்டேங்குறா."

கோபமாகச் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. கெஞ்சினாள். காலையில் டாக்டர் முன்னால் இவள் எந்தக் குரலில் கெஞ்சினாளோ, அதே குரல். அதுதான் இவளை உலுக்கியது. நாத்தனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே அந்தக் குரல் வந்தது. ஒரு வாரம்மா... ஒரே வாரம்...

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இருவரும் நடைபாதையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். விடிவதற்கு முன்பே எப்படியோ ஒரு கட்டில் கிடைத்தது. மூன்றாம் நாள் குழந்தை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு, லாரியை எங்கோ விட்டுவிட்டு ஓடி வந்திருந்த புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் எடை ஏறத் தொடங்கியது. இன்ன காரணம் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. சில குழந்தைகள் அப்படித்தான் என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவள் நர்ஸைத் தனியாக அழைத்து, குடைக்காரியைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரே குழந்தைதானாம். இதே ஆஸ்பத்திரியில் பிறந்து, எடை ஏறாமலே இருந்து, இரண்டாம் மாசம் இதே பிரிவில் போய்விட்டதாம். நர்ஸ்தான் துணி சுற்றிக் கொடுத்தாளாம். ஆகி இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். அதிலிருந்து அவள் வாரா வாரம் வந்து அந்த ஹாலில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பாவம் என்று யாரும் விரட்டுவதில்லை.

இனிமேல் அவளை உள்ளே விடாதீர்கள் என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். காரணத்தைச் சொன்னபோது நர்ஸ் நம்பினாளா இல்லையா தெரியவில்லை. ஆனால் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தாள். குடைக்காரி அந்த ஹாலுக்கு அப்புறம் வரவில்லை.

ஆனால் ஊரில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியா இருக்கிறது? அந்த நினைப்பு இவளை விடவில்லை. அந்த மிஷின் இன்னும் எந்த வீட்டிலோ இருந்தால்? ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. கடைசியில் ஒரு நாள், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வரும்போது, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு பின் தெருவுக்குப் போனாள். அதை எப்படியாவது வாங்கி உடைத்துப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

மாடி ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவில் வீடு வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் காகிதத்தை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"காலி பண்ணி ஒரு மாசமாச்சும்மா. அந்தம்மாவும் பொண்ணும் எங்கயோ வெளியூரு போயிட்டாங்க."

எந்தப் பொண்ணு? நாத்தனார்தான் கேட்டாள்.

"அவங்க பொண்ணுதான். முன்னாடியெல்லாம் வெளிய கொண்டு வரமாட்டாங்க. இப்பதான் எட்டு வெச்சு நடக்க ஆரம்பிச்சிருந்துச்சு. சாமான் ஏத்தற அன்னிக்கு நான்தான் படியிலேர்ந்து தூக்கிட்டு வந்து வண்டில உக்கார வெச்சேன்."

காகிதக் கட்டை மேஜையில் தட்டிச் சமமாக்கினார்.

"நல்ல கனம்."